நின்று நின்று ஓடும் கார்

தமிழாசிரியர் ஒருவர் விழா மலருக்குக் கட்டுரை எழுதப் புகுந்தால் அது பழம் பாடலொன்றைப் பற்றியோ இலக்கண நுட்பத்தைப் பற்றியோ இருத்தல் வேண்டும் என்பது வழக்கம். அவ்வழக்கத்தை இம்முறை சற்றே மீறுகின்றோம். பழைய மோட்டார்க் கார் இடைவழியில் நிற்பதேன், தடுமாறி ஓடுவதேன், அதன் காரணத்தை எம்முறையால் தேடுவது என்பனவே ஈண்டு யாம் ஆராய எடுத்துக்கொண்ட பொருள். எம் தந்தையார் வாடகைக் கார் ஓட்டிக் குடும்பத்தைக் காத்தவர். நன்னூலைக் கையில் எடுக்குமுன்னரே காபுரேற்றரைக் கையில் எடுத்தோம் என்று கூறினால் அது மிகையன்று. ஆதலால் இப்பொருளிலே பேச எமக்கும் சிறிது உரிமை உண்டு என நம்புகின்றோம்.

குடாநாட்டுப் பழைய கார்கள்

ஒஸ்ரின் ஏ40, ஒஸ்ரின் கேம்பிரிஜ், மொறிஸ் மைனர் ஆகிய பெயர்களை அறியாத மூத்தோர் யாழ்ப்பாணத்தில் இலர். ஏ40 டெவன் 1947ஆம் ஆண்டிலும், மொறிஸ் மைனர் 1948ஆம் ஆண்டிலும், முதலாவது கேம்பிரிஜ் 1954ஆம் ஆண்டிலும் இங்கிலாந்தில் வெளிவந்தவை. குளிர்நாட்டிலே பிறந்த இவ்வண்டிகள் உப்புக்காற்றும் செம்மண் புழுதியும் நிறைந்த நம் நாட்டிலே அரை நூற்றாண்டுக்கு மேலாக உழைத்தன. மணமக்களை ஏற்றியவையும் அவையே. நோயாளரை ஏற்றியவையும் அவையே.

1990ஆம் ஆண்டு ஜூன் மாதத்திலே போர் மீண்டும் மூண்டது. குடாநாட்டுக்கு வந்த புகையிரதம் நின்றது, மின்சாரம் நின்றது, எரிபொருள் வருகை பெரிதும் தடைப்பட்டது. மாணவர் ஜாம் போத்தல் விளக்கிலே படித்தனர். செய்தி கேட்க விரும்பியோர் சைக்கிள் டைனமோவைச் சுழற்றி வானொலியை இயக்கினர். பெற்றோலோ மருந்துபோல அளந்து பேணப்படும் பொருளாயிற்று. புதிய கார்கள் கொட்டில்களிலே உறங்கின. கோழி அடைவதற்கு விடப்பட்டிருந்த பழைய ஒஸ்ரின்களும் மொறிசுகளும் மீண்டும் வீதிக்கு வந்தன. அவை மண்ணெண்ணெயிலும் ஓடியமையே அதற்குக் காரணம்.

எஞ்சின் கேட்பவை மூன்று

அவை எவ்வாறு ஓடின என்பதை அறிவதற்கு எஞ்சினின் இயல்பைச் சிறிது அறிதல் வேண்டும். பெற்றோல் எஞ்சின் எதுவாயினும் மூன்றையே கேட்கும். அவை தக்க கலவை, தக்க அமுக்கம், தக்க வேளையிற் பொறி என்பன. இம்மூன்றும் உள்ளவரை அது ஓடும். ஒன்று குறைந்தாலும் தடுமாறும். ஒன்று இல்லையாயின் நிற்கும்.

கலவை என்பது காற்றும் எரிபொருளும் கலந்தது. பெற்றோல் 1 பங்கு முற்றாக எரிவதற்கு நிறையளவில் ஏறத்தாழ 15 பங்கு காற்று வேண்டும். எரிபொருள் மிகுந்தால் கலவை தடித்தது என்றும், குறைந்தால் மெலிந்தது என்றும் கூறுவோம். இவ்விகிதத்தை அளந்து கொடுக்கும் உறுப்பே காபுரேற்றர்.

அதன் அமைப்பைக் கண்டு மாணவர் அஞ்ச வேண்டியதில்லை. ஒரு பக்கத்திலே மிதவை அறை உண்டு. நீர்த்தாங்கியிலே மிதவை எழுந்ததும் நீர் நிற்பது போல, இங்கும் பித்தளை மிதவை எழுந்து ஓர் ஊசியால் எண்ணெய் வரும் வழியை அடைக்கும். மறுபக்கத்திலே இடை சுருங்கிய குழல் உண்டு. காற்று அச்சுருங்கிய இடத்தை விரைந்து கடக்கும்போது அங்கே அமுக்கம் குறைகின்றது. குறையவே, ஜெற் எனப்படும் நுண்துளை வழியாக எரிபொருள் எழுந்து, சிதறி, காற்றோடு கலக்கின்றது. ஏ40இன் செனித் காபுரேற்றரிலே மெதுவோட்டத்துக்கெனத் தனியே ஒரு சிறு ஜெற் உண்டு. மொறிஸ் மைனரின் எஸ்.யூ. காபுரேற்றரிலோ ஒரு கூரிய ஊசி ஏறி இறங்கி, ஒரே ஜெற்றை எல்லா வேகத்துக்கும் பொருந்தச் செய்கின்றது. குளிர்ந்த எஞ்சினைத் தொடக்கும்போது கலவையைத் தடிப்பாக்குவது சோக்.

அமுக்கம் என்பது அக்கலவையைச் சிலிண்டருக்குள்ளே பிஸ்ரன் நெருக்குதல். ஏ40 டெவனிலே ஏறத்தாழ 7 பங்கு இடத்திலிருந்த கலவை 1 பங்கு இடத்துக்குள் நெருக்கப்படும். இக்காலத்துக் கார்கள் பலவற்றிலே அது 10 பங்குக்கும் மேற்பட்டது. பொறியைப் பிறப்பிப்பது கொயில். உரிய சிலிண்டருக்கு உரிய வேளையிற் பங்கிடுவது டிஸ்ரிபியூற்றர். சிலிண்டரினுள்ளே தெறிக்கவிடுவது பிளக்.

மண்ணெண்ணெய் செய்த நன்மையும் தீமையும்

பெற்றோல் சாதாரண வெப்பத்திலேயே ஆவியாகும். மண்ணெண்ணெயின் கொதிநிலையோ ஏறத்தாழ 150 பாகை செல்சியசிலே தொடங்கி 250 பாகைக்கு மேலும் செல்லும். ஆதலால் குளிர்ந்த எஞ்சினிலே அது ஆவியாகாமல் துளியாகவே நிற்கும். இதற்கு நம்மவர் கண்ட வழி யாவரும் அறிந்ததே. ஷாம்பூப் போத்தலிலே வைத்திருந்த சிறிதளவு பெற்றோலைக் காபுரேற்றரின் வாயிலே பீச்சி, ஹான்டிலைச் சுழற்றி எஞ்சினைத் தொடக்குவர். சூடேறியபின் அது மண்ணெண்ணெயைப் பற்றிக்கொள்ளும். தோட்டத்திலே நீரிறைக்கும் இயந்திரத்தைப் பெற்றோலில் தொடக்கி மண்ணெண்ணெயில் ஓட்டிப் பழகிய நம் கமக்காரருக்கு இது புதுமையன்று. இங்கிலாந்திலும் 1946ஆம் ஆண்டில் வெளிவந்த பெர்கூசன் உழவு இயந்திரத்தின் ஒரு வகை, பெற்றோலில் தொடங்கி மண்ணெண்ணெயை ஒத்த எண்ணெயில் ஓடும்படியே செய்யப்பட்டது.

தீமைகளும் உண்டு. மண்ணெண்ணெய் நெருக்கத்தைப் பொறாது முன்னரே வெடிப்பதால் எஞ்சின் தட்டும். அமுக்கம் குறைந்த பழைய எஞ்சின் அதைத் தாங்கிற்று. அமுக்கம் மிகுந்த புதியது தாங்கவில்லை. எரியாது எஞ்சிய துளிகள் சிலிண்டரின் சுவரிலுள்ள எண்ணெயைக் கழுவிக்கொண்டு கீழே இறங்கி, எஞ்சின் எண்ணெயையும் நீர்க்கச் செய்யும். அளவுகோலிலே எண்ணெய் மட்டம் குறையாமல் ஏறுகின்றதே என்று மகிழ்ந்தவர் பின்னர் அழுதவரே. பிளக்கிலும் வால்விலும் கரி படியும். இவை யாவற்றினும் பெரிய இடர் ஒன்று உண்டு. வண்டி இடைவழியில் நின்று ஆறிவிட்டால், மீண்டும் தொடக்குவதற்குப் பெற்றோல் வேண்டும். ஒவ்வொரு பிழையான ஊகத்துக்கும் போத்தலிலிருந்து விலை கொடுக்க நேர்ந்தது.

ஓர் இரவு நிகழ்ந்தது

1992ஆம் ஆண்டு கார்த்திகை மாதம். எமக்கு அப்பொழுது வயது 11. சிறுப்பிட்டியிலே இருந்தோம். ஒருநாள் முன்னிரவிலே அயல்வீட்டார் ஓடி வந்தனர். அவ்வீட்டு மகளுக்குப் பிரசவ வேதனை; மருத்துவமாது வந்து பார்த்து, உடனே யாழ்ப்பாணம் பெரியாஸ்பத்திரிக்குக் கொண்டுசெல்ல வேண்டும் என்று கூறிவிட்டார். தந்தையார் ஏ40ஐ வெளியே எடுத்தார்.

அவ்வண்டியின் பின்புறத் தாங்கியிலே துருவும் கசடும் நிறைந்திருந்தமையால் அதனைத் தந்தையார் பயன்படுத்துவதில்லை. தடித்த பிளாஸ்ரிக்காலான ஒரு கலனை முன் ஆசனத்தின் அடியிலே வைத்து, அதிலிருந்து குழாய் வழியாகப் பம்புக்கு எண்ணெய் செல்லும்படி அமைத்திருந்தார். கலனின் மூடியிலே ஆணியால் இட்ட துளை ஒன்று இருந்தது. வண்டி குலுங்குகையில் அத்துளையால் மண்ணெண்ணெய் சிந்தும், நெடியும் எழும். நிறைமாதத்துப் பெண்ணுக்கு அந்நெடி ஆகாதே என்று எம் தாயார் கவலைப்பட்டார். அதனைக் கேட்ட நாம், ஒருவரிடமும் சொல்லாமல், ஒரு துண்டு சவர்க்காரத்தைப் பிசைந்து அத்துளையை இறுக அடைத்தோம். குழாய் கசிந்தால் தந்தையார் சவர்க்காரத்தால் அடைப்பதைப் பலமுறை கண்டிருந்தோம். கண்டது சரி, அதிலிருந்து கருதியது பிழை.

அரிக்கன் லாம்பு பிடிப்பதற்காக நாமும் வண்டியில் ஏறிச் சென்றோம். கோப்பாயைக் கடக்கும்வரை வண்டி ஒழுங்காக ஓடிற்று. இருபாலையை அணுகியதும் இழுவை குறைந்தது, இரண்டு முறை இருமியது, நின்றுவிட்டது. தந்தையார் எம்மை லாம்புடன் தூரத்தில் நிற்கும்படி கூறிவிட்டு, முதலிலே பிளக்குகளைக் கழற்றித் துடைத்தார். பெற்றோலைப் பீச்சி ஹான்டிலைச் சுழற்றினார். எஞ்சின் சில வினாடி சீறி ஓடி நின்றது. ஜெற்றைக் கழற்றி ஊதினார். மறுபடியும் பெற்றோல்; மறுபடியும் சில வினாடி ஓட்டம்; மறுபடியும் நின்றது. பின்னாசனத்திலிருந்து முனகல் கேட்டது. போத்தலிலே பாதி குறைந்துவிட்டது.

“ஆராவது உதிலை கை வைச்சனீங்களோ?” என்று தந்தையார் கேட்டார். அச்சத்தினால் நாம் வாய் திறக்கவில்லை.

அதன்பின் அவர் கைகளை நிறுத்திச் சிறிது நேரம் யோசித்தார். “பெற்றோலுக்கு ஓடுது. அப்ப பொறி இருக்கு. எண்ணெய்தான் வரேல்லை” என்று தமக்குத்தாமே சொல்லிக்கொண்டார். பம்பிலிருந்து காபுரேற்றருக்குச் செல்லும் குழாயைக் கழற்றிவிட்டு, உடன்வந்தவரை ஹான்டிலைச் சுழற்றும்படி கூறினார். எண்ணெய் வரவில்லை. கலனிலிருந்து பம்புக்கு வரும் குழாயைக் கழற்றி வாயால் ஊதினார், அவசரமாகப் பூட்டினார். எஞ்சின் ஓடிற்று. குழாயிலே கசடு இருந்திருக்கும் என்றார். யாவரும் ஆறுதலடைந்தோம்.

நல்லூரை அடையுமுன் மீண்டும் அதே இருமல். மீண்டும் வண்டி நின்றது. இம்முறை அவர் ஒன்றையும் கழற்றவில்லை. கசடாயின் ஊதியபோதே நீங்கியிருக்கும். நின்றதும் ஓடியதும் ஓடஓட மீண்டும் நின்றதும் வேறொன்றைக் காட்டின. இருட்டிலே கையை நீட்டிக் கலனைத் தடவினார். அதன் பக்கங்கள் பட்டினி கிடந்தவன் கன்னம்போல ஒட்டிப்போயிருந்தன. மூடியைத் திருகியதும் ‘உஸ்’ என்று காற்று உட்புகுந்தது. மூடியின் மேலே விரலை ஓட்டிச் சவர்க்காரத்தை உணர்ந்தார். எம்மைத் திரும்பிப் பார்த்தார், ஒன்றும் கூறவில்லை.

போத்தலில் எஞ்சிய பெற்றோலால் வண்டி தொடங்கிற்று. ஆஸ்பத்திரியை அடைந்தோம். விடியுமுன் பெண்குழந்தை பிறந்தது. தாயும் சேயும் நலம். ஆனால் வண்டியோ ஆறிவிட்டது. தொடக்குவதற்குத் துளி பெற்றோலும் இல்லை. இரண்டு நாள் அது வீதியோரத்திலே நின்றது. தந்தையார் ஒருவருடைய சைக்கிளிலே ஏறி வீடு வந்து சேர்ந்தார்.

நிகழ்ந்தது இதுவே. கலனிலிருந்து எண்ணெய் வெளியேற வெளியேற, அதன் இடத்தை நிரப்பக் காற்று உள்ளே செல்லல் வேண்டும். துளையை அடைத்தமையால் காற்றுச் செல்லவில்லை. உள்ளே அமுக்கம் குறைந்தது. பம்பு இழுத்தும் எண்ணெய் வரவில்லை. குழாயைக் கழற்றி ஊதியபோது சிறிது காற்று உட்புகுந்தது. வண்டியை ஓட்டியது அக்காற்றே; கசடு நீங்கியமை அன்று. அடைப்பு இருந்தபடியே இருந்தமையால் வண்டி மீண்டும் நின்றது.

மூவகை அளவை

பொருளின் உண்மையை அறிதற்குக் காண்டல், கருதல், உரை என மூன்று அளவைகளை நம் தருக்க நூலார் கூறுவர். காண்டல் பொறிகளால் நேரே அறிதல். கருதல் கண்டதைக் கொண்டு காணாததை உய்த்துணர்தல். உரை நம்பத்தக்கார் கூற்று. பழைய காரின் கோளாறு காண்பதற்கும் இம்மூன்றும் போதும். ஆயினும் இங்கே உரையை முன்வைத்தல் நன்று.

உரை. ஸ்பனரைத் தொடுமுன் ஓட்டியவரை நான்கு கேள்வி கேட்க வேண்டும். எப்பொழுது நிற்கின்றது? எவ்வாறு நிற்கின்றது? நின்றபின் எவ்வாறு மீள்கின்றது? இறுதியாக அதிலே கைவைத்தவர் யார், என்ன செய்தார்?

விளக்கை அணைத்தது போலத் திடீரென நின்றால் பெரும்பாலும் பொறியிலே குறை. இருமி, தயங்கி, மெல்ல நின்றால் பெரும்பாலும் எரிபொருளிலே குறை. மெதுவோட்டத்தில் மட்டும் நின்றால் சிறு ஜெற்றிலே அடைப்பு, அல்லது வேண்டாத இடத்தாற் காற்றுப் புகுதல். வேகமெடுக்கையில் மட்டும் தயங்கினால் எண்ணெய் போதிய அளவு வந்து சேரவில்லை. சில மைல் ஓடியபின் நின்று, பொறுத்திருந்தால் மீண்டும் ஓடுமாயின், தாங்கியின் காற்றுத்துளையையும் வடியையும் முதலில் நோக்குக. அடுத்து, கடுவெயிலிலே எண்ணெய்க் குழாய் சூடேறி உள்ளே ஆவி அடைத்தலையும், சூட்டிலே கெடும் கொயிலையும் கொன்டென்சரையும் ஐயுறுக. மழைநாளில் மட்டும் தொடங்க மறுத்தால் டிஸ்ரிபியூற்றர் மூடியையும் பிளக் வயர்களையும் உலர்ந்த துணியால் துடைத்துப் பார்க்க. மாரிகாலத்திலே அவ்வளவே போதியதாகும்.

காண்டல். அடுத்து மூன்று தேவைகளையும் ஒவ்வொன்றாக நோக்க வேண்டும்.

பொறியை நோக்க ஒரு பிளக்கைக் கழற்றி, அதன் வயரோடு இணைத்து, எஞ்சின் உலோகத்திலே தொடும்படி வைத்து ஹான்டிலைச் சுழற்றுக. நீலநிறமாய்ச் சட்டெனத் தெறித்தால் நன்று. மஞ்சளாய் மெலிந்தால் குறை உண்டு. அருகிலே பெற்றோல் சிந்தியிருத்தலாகாது. மொறிஸ் மைனர் 1000இலே பிளக்கின் இடைவெளி ஓரங்குலத்தை ஆயிரமாக்கிய கூறுகளில் 25. டிஸ்ரிபியூற்றருள் உள்ள பொயின்ற்றின் இடைவெளி 15. பொயின்ற் கருகி, அதன் ஒரு முகத்திலே மேடும் மறுமுகத்திலே குழியும் உண்டாயின் கொன்டென்சரை ஐயுறலாம்.

பிளக்கின் நிறம் எஞ்சினின் நாவின் நிறம் போன்றது. வைத்தியர் நாக்கை நீட்டச் சொல்வது போல நாம் பிளக்கைக் கழற்றிப் பார்க்கின்றோம். விசுக்கோத்தின் பழுப்பு நிறமாயின் நலம். உலர்ந்த கரியாயின் கலவை தடித்தது. வெளிறி வெண்மையாயின் கலவை மெலிந்தது. எண்ணெய்ப் பசையோடு ஈரமாயின் பிஸ்ரன் வளையமோ வால்வு வழியோ தேய்ந்தது.

நான்கு சிலிண்டர்களிலே எது உழைக்கவில்லை என்பதை அறிய, ஓடும் எஞ்சினிலே பிளக் வயர்களை ஒவ்வொன்றாக எடுத்துப் பார்ப்பர். ஒன்றை எடுத்ததும் ஓட்டம் மேலும் தளர்ந்தால் அது உழைத்த சிலிண்டர். எடுத்தும் மாற்றம் இல்லையாயின் அதுவே உழையாதது. காய்ந்த றப்பர் பிடியுள்ள குறடு இன்றி இதனைச் செய்தல் ஆகாது, அதிர்ச்சி கடுமையானது.

கலவையை நோக்க, பம்பின் வெளிக்குழாயைக் கழற்றிச் சுழற்றி எண்ணெய் துடித்துத் துடித்து வருகின்றதா எனப் பார்க்க. வராவிடின் குறை பம்பிலோ அதற்கு முன்னரோ உள்ளது; வந்தால் குறை காபுரேற்றரிலே. மொறிஸ் மைனரிலே மின்பம்பு உண்டு. திறப்பைத் திருப்பியதும் ‘டிக், டிக்’ என ஒலித்துப் பின்னர் அடங்கும். ஒலி அடங்காது விரைந்தால் எங்கோ காற்று இழுக்கின்றது, அல்லது எண்ணெய் இல்லை. கறுத்த புகையும் பெற்றோல் மணமும் வந்தால் மிதவை அறையைத் திறந்து பார்க்க. மிதவையைக் கழற்றிக் காதருகே குலுக்கினால் உள்ளே எண்ணெய் தளம்பும் ஒலி கேட்கலாம். கேட்டால் அது ஓட்டை. வெந்நீரில் அமிழ்த்தினால் குமிழி எழும் இடமே ஓட்டையின் இடம். வேண்டாத காற்றுப் புகுவதை ஐயுற்றால், காபுரேற்றர் பூட்டப்பட்ட இணைப்புகளிலே எஞ்சின் எண்ணெயைச் சிறிது பூசுக. ஓட்டத்தின் ஒலி மாறினால் அவ்விடத்திலே கசிவு உண்டு.

அமுக்கத்தை நோக்கக் கருவி வேண்டியதில்லை, ஹான்டிலே கருவி. பொறியை நிறுத்திவிட்டு மெல்லச் சுழற்றினால் இரண்டு சுற்றிலே நான்கு முறை கை எதிர்ப்பை உணரும். நான்கும் ஒத்திருத்தல் வேண்டும். ஒன்று மட்டும் இளகினால் அச்சிலிண்டரின் வால்வு கருகியிருக்கலாம். கருவிகள் கிடையாத காலத்திலே எம் தந்தையார் இவ்வொரு சோதனையால் பல வண்டிகளின் நிலையைச் சொன்னார்.

கருதல். கண்டவற்றை வைத்து உய்த்துணரும்போது நான்கு விதிகளை மறத்தலாகாது.

முதலாவது, ஒரு வேளையில் ஒன்றையே மாற்றுக. இரண்டை மாற்றி வண்டி ஓடினால் எது மருந்து என்பது தெரியாது.

இரண்டாவது, எளியதை முன்னும் அரியதைப் பின்னும் நோக்குக. மூடியைத் திறத்தற்கு ஒரு கணம் போதும். காபுரேற்றரைப் பிரித்தற்கு ஒரு மணி வேண்டும்.

மூன்றாவது, எது நன்றாயிருக்கின்றது என்பதையும் குறித்துக்கொள்க. பீச்சிய பெற்றோலுக்கு எஞ்சின் ஓடியபோதே பொறியும் அமுக்கமும் நல்லவை என்பது தெளிவாயிற்று. அதனை முதலிலேயே எண்ணியிருந்தால் பிளக்கைத் துடைத்த நேரமும் பெற்றோலும் மிஞ்சியிருக்கும்.

நான்காவது, காரணம் தெரியாமல் நீங்கிய குறை நீங்கிய குறையன்று. இருபாலையிலே நாம் அடைந்த ஆறுதல் நல்லூர்வரை கூட நிலைக்கவில்லை. வண்டி ஓடியதும், அஃது ஏன் ஓடிற்று என்று கேட்க வேண்டும்.

இன்றைய நிலை

2002ஆம் ஆண்டிலே ஏ9 வீதி திறந்தபின் பெற்றோல் வந்தது. புதிய வண்டிகளும் வந்தன. பழைய கார்கள் சிலவே எஞ்சின. 2022ஆம் ஆண்டிலே நாடு முழுவதும் எரிபொருளுக்காக வரிசையில் நின்றபோது, குடாநாட்டு மூத்தோர் பலருக்கு அது முன்னர்க் கண்ட காட்சியின் மறுதோற்றமாகவே இருந்தது. இன்று பழைய ஒஸ்ரினுக்கு வரும் நோயும் மாறியுள்ளது. முன்னர் ஓடிக் கெட்டது. இப்பொழுது ஓடாமற் கெடுகின்றது. திருமணத்துக்குத் திருமணம் மட்டும் வெளியே வரும் வண்டியிலே பெற்றோல் பழுதடைந்து பிசின்போல ஜெற்றை அடைக்கும், தாங்கி துருப்பிடிக்கும், றப்பர்க் குழாய் வெடிக்கும். வாரம் ஒருமுறை நன்றாகச் சூடேறும்வரை ஓட்டுதலும், நெடுநாள் நிறுத்துவதாயின் மிதவை அறையை வெறுமையாக்குதலும் தக்க காவல்.

புதிய வண்டிகளிலே காபுரேற்றர் இல்லை, கணினி உண்டு. குறை நேர்ந்தால் அதுவே ஓர் எண்ணைக் காட்டும். அவ்வெண் பெரும்பாலும் குறியைக் காட்டுமேயன்றிக் காரணத்தைக் காட்டாது. கலவை மெலிந்தது என்று கணினி கூறினால், மெலிந்தது ஏன் என்று மனிதனே தேட வேண்டும். ஆகவே இம்முறை பழையதாயினும் பயனற்றதன்று.

இறுதியாக ஒன்று. அவ்விரவிலே காண்டலும் இருந்தது. கருதலும் சற்றுப் பிந்தியேனும் வந்தது. இல்லாதது உரை. சவர்க்காரத்தை வைத்தோம் என்ற ஒரு சொல்லை இருபாலையிலே நாம் கூறியிருந்தால், அத்தாய் அவ்வளவு நேரம் வீதியிலே வருந்த நேர்ந்திராது. நல்லெண்ணத்தால் செய்த பிழையைக் காட்டிலும் அச்சத்தால் மறைத்த பிழையே வண்டியை நிறுத்தியது. வீடு வந்தபின் தந்தையார் எம்மை அடிக்கவில்லை. “தம்பி, செய்ததைச் சொல்லியிருந்தால் நான் அங்கை தேடியிருப்பன்” என்று மட்டும் கூறினார்.

ஆசிரியப் பணியிலே புகுந்து ஆண்டுகள் பல சென்றன. மாணவன் ஒருவன் பிழையான விடையை எழுதி அழித்துவிட்டுக் கொப்பியை மூடும்போது எமக்கு அக்கலன் நினைவுக்கு வருகின்றது. அழிக்கவேண்டாம், எழுதியது அப்படியே இருக்கட்டும், எவ்விடத்திலே வழி மாறியது என்று இருவரும் பார்ப்போம் என்று கூறுகின்றோம். பிழையைச் சொல்ல அஞ்சாத வகுப்பிலே பிழை நெடுநாள் வாழாது. எஞ்சினுக்குப் போலவே வகுப்பறைக்கும் ஒரு காற்றுத்துளை வேண்டும். அதை எவரும், நல்லெண்ணத்தாலேனும், அடைத்துவிடலாகாது.